பெயரில்லாத இரும்புச் சீவுளி: இனங்கண்டு திருத்திய பதிவு

யாழ்ப்பாணத்துப் பழைய இரும்புக் கடைகளில் நிறுத்து விற்கும் குவியலைக் கிளறினால், மரத்தை இழைக்கும் இப்படியான பெயரில்லாத சீவுளி இடைக்கிடை அகப்படும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பூட்டிவிட்டுப் போன பட்டறைகளில் மழை ஒழுக்குக்குள் கிடந்தவை சில. தச்சுவேலையை விட்டவர்களின் கொட்டிலைத் துப்புரவாக்கும்போது வெளியே வருபவை சில. இங்கே பதிவாவது அப்படியான ஒன்று: அடிப்பரப்பின் நீளம் 14 அங்குலம், அதாவது 355 மி.மீ.; அலகின் அகலம் 2 அங்குலம்; முன்குமிழ் இருக்கிறது; பின்கைபிடியின் மேற்கொம்பு உடைந்திருக்கிறது. உடலில் எழுத்தில்லை, அலகை அழுத்திப் பிடிக்கும் லீவர் மூடியில் எழுத்தில்லை. அலகின் தலைப்பில் முத்திரை இருந்திருக்கக்கூடிய இடத்தைக் கறள் தின்றுவிட்டது.

எந்தக் கொம்பனி என்ற கேள்வி விலைக்காகக் கேட்கப்படுவதுதான் வழக்கம். திருத்துபவருக்கு அது இரண்டாம் பட்சம். எந்த அலகு பொருந்தும், எந்த ஸ்குறூ ஏறும், வார்ப்பு நம்பத்தக்கதா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தால் போதும். இனங்காணல் முழுவதையும் இந்த மூன்றை நோக்கியே நடத்த வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது வெடிப்பு. கறளைப் போக்கலாம், அலகை மாற்றலாம். வெடித்த வார்ப்பிரும்பைச் சீவுளிக்கு ஏற்றபடி ஒட்டவைப்பது செலவுக்குக் கட்டாது. கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி, வெறும் உடலை ஒரு விரலில் தொங்கவிட்டு ஸ்பனரால் தட்டினால் நல்ல வார்ப்பு கணீரென்று இழுத்து ஒலிக்கும், வெடித்தது சட்டென்று அடங்கும். சந்தேகமிருந்தால் மண்ணெண்ணெய் பூசிக் கால் மணித்தியாலம் விட்டு, உலரத் துடைத்து, சோக்குத் தூளைத் தூவிவிடவும். வெடிப்புக்குள் நின்ற எண்ணெய் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். அலகு வெளியே வரும் வாயின் நான்கு மூலைகள், பக்கச் சுவர் அடியோடு சேரும் இடம், பின்கைபிடி ஸ்குறூ இறங்கும் மேடு, லீவர் மூடியின் துவாரத்தைச் சுற்றிய பகுதி ஆகியவற்றைக் கட்டாயம் பார்க்கவும். வாய்மூலையில் நகக்கண் அளவு சிதறியிருந்தால் வேலை கெடாது. வாயிலிருந்து பக்கச் சுவருக்கு ஏறும் மயிர்க்கோடு இருந்தால் அந்தச் சீவுளியை வைத்துவிட்டு வரலாம்.

அளவும் அடையாளமும்

லெனார்ட் பெய்லி என்பவரின் சீவுளி அமைப்பை அமெரிக்காவின் ஸ்ரான்லி கொம்பனி 1869இல் வாங்கியது. அதன்பின் உலகெங்கும் வந்த இரும்புச் சீவுளிகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. ஆகவே பெயரில்லாவிட்டாலும் இலக்கம் அளவிலிருந்தே வரும்: 8 அங்குல அடி, 1¾ அங்குல அலகு என்றால் 3ஆம் இலக்கம், 9 சொச்சத்துக்கு 2 என்றால் 4, 14க்கு 2 என்றால் 5, 18க்கு 2⅜ என்றால் 6, 22க்கு 2⅜ என்றால் 7. நம்முடையது 5. 2 அங்குல அலகு 4க்கும் 5க்கும் பொது என்பதால் அலகு தேடுவது சுலபம். (யாழ்ப்பாண நகரின் ஸ்ரான்லி வீதிக்கும் இந்தச் சீவுளிக் கொம்பனிக்கும் சம்பந்தமில்லை.)

காலத்தைச் சொல்லும் உறுப்புகள் சில உண்டு. லீவர் மூடியின் துவாரம் பழைய ஸ்ரான்லியில் சாவித்துவாரம் போலிருக்கும். 1933க்குப் பிறகு ஒருபக்கம் வளைந்த சிறுநீரக வடிவம் வந்தது, மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். அலகு சாயும் வார்ப்புத் துண்டாகிய ஃபிறொக்கை முன்பின் நகர்த்தும் ஸ்குறூ 1907 அளவில் சேர்ந்தது. மலிவு வரிசைகளில் அது கடைசிவரை இல்லை. பித்தளைச் சில்லைச் சுற்றினால் அலகை ஏற்றியிறக்கும் கவை, முன்பு ஒரே வார்ப்பாக இருந்தது. பிற்காலத்தில் இரண்டு அச்சடித்த தகடுகளைச் சேர்த்த கவை வந்தது. முன்குமிழைச் சுற்றி உடலில் எழும்பிய வளையம் இருந்தால் அதுவும் பிந்திய காலம். ஃபிறொக்கின் பின்னால் 1902, 1910 என்று காப்புரிமைத் திகதிகள் வார்ப்பிலிருந்தால் அது அமெரிக்க ஸ்ரான்லி.

இந்தச் சீவுளியில் ஃபிறொக் நகர்த்தும் ஸ்குறூ இருக்கிறது, குமிழைச் சுற்றி வளையம் இருக்கிறது, கவை இரண்டு தகடு. ஆனால் லீவர் மூடி மட்டும் பழைய சாவித்துவாரம், அதுவும் நிக்கல் பூச்சு உள்ளது. மற்ற எந்த உறுப்பிலும் நிக்கல் இல்லை. அப்படியென்றால் மூடி வேறொரு சீவுளியிலிருந்து வந்தது. ஒரு தச்சரின் பெட்டிக்குள் இரண்டு மூன்று சீவுளிகளின் உறுப்புகள் ஒன்றாகிப் போவது சாதாரணம். போர்க்காலத்தில் வடக்குக்குப் பொருள்கள் வரத் தடை இருந்தபோது இங்கே உதிரிப்பாகத்துக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஒரு உறுப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு இந்த மூடியே போதும். உடலும் ஃபிறொக்கும் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

நிறத்தைப் பார்க்கப் பின்கைபிடியைக் கழற்றிவிட்டு அதன் கீழே சுரண்டவும். வெளியே எத்தனை முறை பூசியிருந்தாலும் அந்த இடத்தில் முதற்பூச்சு தப்பியிருக்கும். மேலே கறுப்பு எனாமல், கீழே நீலம். நீலத்தைக் கண்டதும் றெக்கோட் என்று துள்ள வேண்டாம். ஷெஃபீல்டின் றெக்கோட் 1931இல் சீவுளி விற்கத் தொடங்கியது, நீலப் பூச்சும் அதன் அடையாளம்தான். ஆனால் அது தன் இலக்கத்தை 04, 05 என்று பூச்சியத்தோடு போடும். நீலத்தைப் பின்னால் இங்கிலாந்து ஸ்ரான்லியும் வேறு பலரும் பூசினார்கள், இந்தியத் தயாரிப்புகளிலும் கண்டிருக்கிறோம்.

நிறம் கைவிட்ட இடத்தில் ஸ்குறூவின் புரி கைகொடுக்கும். பெய்லி வழிச் சீவுளிகளின் பழைய அங்குலப் புரிகள் விசித்திரமானவை: கைபிடி ஸ்குறூவும் ஃபிறொக் ஸ்குறூவும் 5.5 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 20 புரி. லீவர் மூடி ஸ்குறூ 9/32 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. புரிமானி இல்லாவிட்டால் 24 பல்லு இரும்பறுக்கும் வாள் அலகை லீவர் மூடி ஸ்குறூவின்மேல் படுக்க வைத்து வெளிச்சத்தில் பார்க்கவும். பல்லும் புரியும் இடைவெளியின்றிக் கவ்வினால் 24 புரி. 20 புரிக்கு அடிமட்டத்தை வைத்து அரை அங்குலத்தில் 10 முகடு வருகிறதா என்று எண்ண வேண்டியதுதான். நம்முடையதில் இரண்டும் சரியாக வந்தன. பிந்திய மெட்ரிக் பிரதிகளில் 6 மி.மீ. ஸ்குறூ நேரே ஏறும். இதில் அது வாசலிலேயே நிற்கிறது.

ஆக முடிவு: பெய்லி வழி 5ஆம் இலக்கம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அங்குலப் புரி வார்ப்பு, மூடி மட்டும் இரவல். அலகுக்கு எந்த 2 அங்குல அலகும் போகும். ஸ்குறூ தொலைந்தால் கடையில் வாங்க முடியாது, கடைச்சல் பட்டறையில் வெட்டுவிக்க வேண்டும். எனவே ஒரு ஸ்குறூவையும் உடைக்காமல் கழற்றுவதே முதல் வேலை.

கழற்றலும் கறளும்

இந்த ஸ்குறூக்களின் தலைவெட்டு நீளம், ஆனால் ஒடுக்கம். கடைத் திருப்புளியின் நுனி ஆப்புப்போலச் சரிந்திருப்பதால் வெட்டின் உதட்டில்தான் பிடிக்கும், பிறகு உதட்டைக் கிழிக்கும். நுனியை அரத்தால் பக்கம் இணையாகும்வரை தேய்த்து, வெட்டின் முழு நீளத்துக்கும் நிறைய உட்காரச் செய்யவும். கைபிடியின் பித்தளை நட்டுக்கு இது இன்னும் முக்கியம். இறுகிய ஃபிறொக் ஸ்குறூவுக்கு மண்ணெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் சரிபாதி கலந்து ஊற்றி ஒரு இரவு விடவும். அசையாவிட்டால் ஈயம் பற்றவைக்கும் மின்கோலை ஸ்குறூத் தலையில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடேற்றி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பி, பிறகு கழற்றவும். காஸ் சுவாலை வேண்டாம்; வார்ப்பு ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் வெடிக்கும். ஆழம் மாற்றும் பித்தளைச் சில்லு இடப்புரி என்பதை நினைவில் வைக்கவும். வழக்கமான பக்கம் கழற்ற முயன்றால் அது இன்னும் உள்ளே போகும்.

உடலின் கறளுக்கு மண்ணெண்ணெயில் நனைத்து, சவர அலகைத் தாழ்வாகப் பிடித்துச் சுரண்டுவதே இங்கே செய்தது. மேற்பரப்புக் கறள் செதிளாக எழும்பிவிடும், கீழே உள்ள பழைய மங்கல் நிறம் நிற்கும். சோடா போட்டு மின்சாரம் பாய்ச்சும் முறை குழிந்த கறளுக்கு நல்லது. ஆனால் பூச்சையும் உரித்துவிடும். செய்வதானால் ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனை சீவுளிக்கு, நேர்முனை வெறும் இரும்புத் துண்டுக்கு. எவர்சில்வர் கரண்டியை நேர்முனையில் கட்டவே கூடாது, அதிலிருந்து குரோமிய நஞ்சு கரையும். எழும் வாயு பற்றக்கூடியது, வெளி முற்றத்தில் வைத்தே செய்யவும்.

தண்ணீர் விசயத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் சோடாவோடு சேர்ந்தால் வெள்ளைப் படிவு விழும். கரையோரக் கிணறுகளில் உப்பும் இருக்கும். உவர்நீரில் கழுவிய இரும்பு உலருமுன்பே செம்மஞ்சளாகிவிடும், எத்தனை தரம் துடைத்தாலும் மறுநாள் திரும்ப வரும். இரும்பில் தங்கிய குளோரைட்டே அதற்குக் காரணம். பிடித்து வைத்த மழைநீரைப் பாவித்தால் இந்தத் தலையிடி இல்லை.

ஸ்குறூ, கவை, அலகின்மேல் பூட்டும் மேலலகு போன்ற சிறியவற்றைத் தென்னங்கள்ளு வினாகிரியில் ஓர் இரவு ஊறவிட்டால் போதும். உப்புச் சேர்த்தால் வேகம் கூடும் என்பார்கள். அது மேலே சொன்ன குளோரைட்டை நாமே கொண்டுவந்து கொட்டுவது. தேசிக்காய்ச் சாறும் வேலை செய்யும், ஆனால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு உடலைப் புளிப்பில் நெடுநேரம் விட்டால் இரும்பு கரைந்து மேலே கரிய பென்சில்கரி மிஞ்சும், தொட்டால் கையெல்லாம் கறுப்பு. எடுத்ததும் அப்பச்சோடா கரைத்த நீரில் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் தையல் மெசின் எண்ணெய் தடவவும்.

ஃபிறொக்கும் அடியும்

சீவும்போது அலகு நடுங்கிக் கோடு கோடாக விழுந்தால் பலரும் அலகைத்தான் தீட்டுவார்கள். பாதிக்கு மேற்பட்ட தடவை காரணம் ஃபிறொக் சரியாக உட்காராதது. விளக்குக் கரியை இரண்டு துளி தேங்காயெண்ணெயில் குழைத்து, ஃபிறொக்கின் அடியில் மெல்லிதாகத் தடவி, உடலில் வைத்து அழுத்தி எடுக்கவும். நான்கு மூலையிலும் கரி ஒட்ட வேண்டும். இதில் இடப்பக்கப் பின்மூலையில் ஒட்டவில்லை. உடலின் இருக்கைமேல் கறுப்பு எனாமல் வழிந்து திரண்டிருந்தது. அதைச் சுரண்டியதும் பொருந்தியது. அரத்தால் இருக்கையைத் தேய்க்க எழும் கையை அடக்கவும். கோணம் கெட்டால் திரும்ப எடுப்பது கடினம். ஃபிறொக்கின் அலகு சாயும் முகத்தை மட்டும் தட்டையான கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் மேடு எங்கே என்று தெரியும்.

அடியை மட்டமாக்க 10 மி.மீ. தடிப்பில் 600க்கு 200 மி.மீ. கண்ணாடித் துண்டு வேண்டும். கண்ணாடி வெட்டும் கடைகளில் கழிவுத் துண்டாகக் கிடைக்கும். 80ஆம் இலக்க அரத்தாளைச் சுருக்கமில்லாமல் முழுதும் ஒட்டவும். தாள் இளகினால் சீவுளிக்கு முன்னால் அலையாக எழும்பி, அடியின் இரு நுனியையும் உருட்டிவிடும். இந்த வேலையில் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஃபிறொக், அலகு, மூடி எல்லாம் பூட்டி, அலகை 3 மி.மீ. உள்ளே இழுத்து, மூடியை வேலைக்கு இறுக்கும் அளவிலேயே இறுக்கித்தான் தேய்க்க வேண்டும். மூடியின் அழுத்தத்தில் உடல் மெல்ல வளைகிறது. வெறும் உடலை மட்டமாக்கினால் பூட்டியபின் மட்டம் போய்விடும். அடியில் பென்சிலால் குறுக்கும் மறுக்கும் கீறி, ஃபிறொக்குக்கு நேர்கீழே கையின் பாரம் விழும்படி, பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருதரம் திருப்பிப் பார்க்கவும்.

இதன் அடி வாய்க்கு முன்னால் 0.2 மி.மீ. குழிந்திருந்தது. ஃபீலர் கேஜ் இல்லாதவர் நேர்விளிம்பை வைத்து அதன் கீழே போட்டோக்கொப்பித் தாளை நுழைத்துப் பார்க்கலாம். 80 கிராம் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. முன்நுனி, வாய்க்கு முன்விளிம்பு, பின்நுனி ஆகிய மூன்றும் கண்ணாடியைத் தொட்டால் நிறுத்திவிடலாம். நடுவில் தொடாத தீவுகள் இருந்தால் இருக்கட்டும். 120, 240 வரை ஏறினால் போதும். கண்ணாடிபோல் மினுக்குவது வீண் வேலை. தாள் மழுங்கியபின் அழுத்தித் தேய்ப்பதைவிடத் தாளை மாற்றுவது மலிவு.

அலகு

முதலில் மிச்சமிருக்கும் நீளம். பதப்படுத்தியது அலகின் கீழ்ப்பகுதி மட்டும். நடுத்துவாரத்துக்குக் கிட்ட வந்துவிட்ட அலகு கூர் நிற்காது. புதிய அரத்தை விளிம்பில் மெல்ல ஓட்டினால் வழுக்க வேண்டும், கடித்தால் பதம் போய்விட்டது. இந்த அலகில் 32 மி.மீ. இருந்தது, அரமும் வழுக்கியது. ஆனால் முதுகில் கறட் குழிகள். விளிம்பிலிருந்து 2 மி.மீ. அகலத்துக்குக் குழியில்லாத முதுகு கிடைத்தால் போதும், முழு முதுகையும் தேய்க்கத் தேவையில்லை. குழி ஆழமென்றால் விளிம்பைப் பின்னுக்கு அரைத்துவிடுவது விரைவு.

சாணையில் நிறம் மாறுகிறதா என்று மட்டுமே கண் இருக்க வேண்டும். விளிம்பு நீலமானால் அவ்வளவு தூரம் பதம் இறங்கிவிட்டது. அதை அரைத்துக் கழிக்க வேண்டும். இரண்டு தொடுகைக்கு ஒருதரம் தண்ணீரில் தோய்க்கவும். கோணமானி வேண்டாம்: சரிவின் நீளம் அலகுத் தடிப்பின் இரண்டு மடங்கு என்றால் 30 பாகை, 2.4 மடங்கு என்றால் 25 பாகை. 2 மி.மீ. அலகுக்கு 4.7 மி.மீ. சரிவு அரைத்து, விளிம்பில் மட்டும் 30 பாகையில் கல்லில் தீட்டவும். இரு மூலையையும் 0.2 மி.மீ. அளவு ஒதுக்கினால் பலகையில் படிக்கோடு விழாது.

மேலலகின் நுனி அலகின் முதுகில் இடைவெளியின்றிப் படிய வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒளி தெரிந்தால், அந்த இடத்தில் சீவல் நுழைந்து வாயை அடைக்கும். நுனியைக் கல்லில் வைத்து, மறுமுனை கல்லின் தளத்துக்குச் சற்றுத் தாழ இருக்கும்படி தேய்க்கவும். அப்போது முன்விளிம்பு மட்டும் தொடும்.

கைபிடி

கொம்பு உடைந்த துண்டு இல்லாததால் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. பூவரசு நல்ல தெரிவு: செதுக்கச் சுகம், வெடிக்காது. முதிரை அழகு, ஆனால் வளைவில் அரம் அதிகம் கேட்கும். மரக்காலையில் 25 மி.மீ. பலகைத் துண்டு எடுத்து 23 மி.மீ.க்குச் சீவவும். மரத்தின் இழை சீவுளியின் அடிக்கு இணையாக ஓட வேண்டும். நிமிர்ந்து ஓடினால் கொம்பு மீண்டும் அதே இடத்தில் முறியும். நீளத் துளையை வடிவம் வெட்டுமுன், பலகை சதுரமாக இருக்கும்போதே, இரு பக்கமுமிருந்து துளைத்துச் சந்திக்கவும். செதுக்கியபின் துளைத்தால் துளை பக்கத்தால் வெளியே வந்துவிடும்.

பழைய கைபிடியில் துண்டு கைவசமிருப்பவர்கள் உடைந்த முகங்களைத் தின்னரால் துடைத்து, எபொக்சி தடவி, பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி இறுகச் சுற்றிவிடலாம். வெள்ளைப் பசை எண்ணெய் ஊறிய மரத்தில் ஒட்டாது.

எவ்வளவு இறுக்கினாலும் கைபிடி ஆடினால் மரத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். மரம் சுருங்கியதால் கைபிடிக்குள் ஓடும் ஸ்குறூக் கம்பி அதற்கு நீளமாகிவிட்டது; நட்டு மரத்தை அழுத்துமுன் கம்பியின் புரி முடிகிறது. கம்பியின் கீழ்முனையில் 2 மி.மீ. அரத்தால் எடுத்தால் தீர்ந்தது.

ஓட்டிப் பார்த்தல்

இரவல் மூடியின் அகலம் ஒரு மில்லிமீற்றர் குறைவு, வேலைக்குக் கெடுதியில்லை. அதன் கீழ்விளிம்பு மேலலகில் முழு அகலத்துக்கும் தொடுகிறதா என்பதைக் கரி தடவிப் பார்த்தபின் அப்படியே பூட்டப்பட்டது. பித்தளைச் சில்லு அரைச் சுற்று முதல் ஒரு சுற்றுவரை வெறுமனே சுற்றுவது இந்த வகையில் இயல்பு. தகட்டுக் கவையில் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். ஆழத்தை எப்போதும் அலகை இறக்கும் பக்கமாகச் சுற்றி முடித்தால் அந்த இளக்கம் தொந்தரவு தராது.

வேப்பம் பலகையில் முதல் ஓட்டத்திலேயே முழு அகலச் சீவல் வந்தது. முதிரை வேறு கதை. அதன் இழை பட்டைக்குப் பட்டை எதிரெதிராக ஓடும். 45 பாகைச் சீவுளி ஒரு பட்டையை மினுக்கி அடுத்ததைப் பிடுங்கும். மேலலகை விளிம்புக்கு 0.4 மி.மீ. கிட்டக் கொண்டுவந்து, ஃபிறொக்கை முன்னே நகர்த்தி வாயை அரை மில்லிமீற்றருக்கு ஒடுக்கியதும் பிடுங்கல் பெருமளவு நின்றது. மிச்சத்துக்கு அலகின் முதுகுப்பக்க விளிம்பில் 10 பாகைச் சிறு சரிவு தீட்டினால் வெட்டுகோணம் 55 ஆகும். தள்ளப் பாரம் கூடும், பரப்பு வழுவழுப்பாகும். அப்படித் தீட்டிய அலகைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது, மற்ற மரத்துக்கு அது சுமை.

பனைச் சலாகைக்கு இந்த அமைப்பு ஒத்துவராது. கரிய நார் வைரம், இடையில் உள்ளது மென்மை. 30 பாகை விளிம்பு விரைவில் பல்லுப் பல்லாக உதிரும். 35 பாகையில் தீட்டி, வாயை அகலத் திறந்து, மேலலகை ஒன்றரை மில்லிமீற்றர் பின்னுக்கு வைத்து, நீளவாட்டில் மட்டும் ஓட்டவும். நார்த்தூள் வாயில் திரண்டால் குச்சியால் எடுக்கவும்; திருப்புளியால் குத்தினால் போவது மேலலகின் விளிம்பு.

அடியில் மெழுகுதிரியை இரண்டு கோடு இழுத்தால் தள்ளும் பாரம் கண்டபடி குறையும். பூட்டி வைக்கும்போது தையல் மெசின் எண்ணெயோ தேங்காயெண்ணெயோ துணியில் தொட்டுத் துடைக்கலாம். நல்லெண்ணெய் வேண்டாம், நாட்பட்டால் பிசினாகிக் கவையையும் சில்லையும் பிடித்துவிடும். பொலித்தீன் பைக்குள் கட்டிவைத்தால் மாரியில் உள்ளே வியர்த்துக் கறள் பிடிக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைக்கவும். கடற்காற்றுப் படும் ஊர்களில் மாதத்துக்கு ஒருதரம் எடுத்துத் துடைக்க வேண்டியிருக்கும், அலகுக்கும் மேலலகுக்கும் இடையிலும் சேர்த்து.